மேட்டடிப் பால்

குப்பை மேட்டைச் சுற்றிக் குழாய் இறக்க வந்தவர்களுக்கு எங்கள் தெருவில் முதலில் டீ போட்டுக் கொடுத்தது பால்காரக்காதான். மற்றவர்கள் யாரும் அவர்களை வாசலில்கூட நிற்க விடவில்லை. மேட்டை அளக்க வருகிறவர்கள் மேட்டை மூடத்தான் வருவார்கள், மேட்டோடு சேர்த்துத் தெருவையும் காலி பண்ணுவார்கள் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயிலில் நின்று துளை போட்டுக்கொண்டிருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டு, "மண்ணத் தோண்டுனா தொண்ட காயும்ல, வாங்க, நிழல்ல வந்து உக்காருங்க" என்றாள்.

நான் எதிர்வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தேன். வெளிச்சத்துக்காக மெஷினை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்ததால் அந்த வீட்டில் நடப்பதில் பாதி தானாகக் கண்ணில் படும். மீதியை அக்காவே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிவிடுவாள்.

தெரு முடிகிற இடத்தில் மேடு தொடங்கும். ஊர் முழுவதின் குப்பையும் வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி மலைபோல ஆகிவிட்டது. கோடையில் எங்காவது ஒரு மூலையில் புகையும். மழையில் அடியிலிருந்து கருப்புத் தண்ணீர் கசிந்து பள்ளத்தில் குட்டையாக நிற்கும். ஆனால் அந்தக் குட்டையைச் சுற்றி முளைக்கிற புல் இருக்கிறதே, வேறு எங்கும் அப்படி ஒரு பச்சையைப் பார்க்க முடியாது. அக்காவின் மாடுகளும், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பட்டிக்காரர்களின் மாடுகளும் அதில்தான் மேய்ந்தன. அக்காவின் வீட்டுக்காரர் நகராட்சிக் குப்பை லாரி ஓட்டுகிறவர். அவர் கொண்டுவந்து கொட்டுகிற மேட்டின் அடியில் அவள் மாடு மேய்ப்பாள். "இவரு விதைக்கிறாரு, நான் அறுக்கிறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

குழாய் இறக்க வந்தவர்கள் இரண்டு பல்கலைக்கழகத்து ஆட்கள். ஒன்று நம் பக்கத்துப் பெரிய ஊரில் இருப்பது. இன்னொன்று கடல் தாண்டி எங்கேயோ. குப்பை மேட்டிலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்னென்ன இறங்குகிறது, அதைக் குறைக்க என்ன வழி என்று சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். நம் பக்கத்து ஆட்களுக்குத் தலைமை ஒரு பேராசிரியை. தெருவில் அவருக்கு டீச்சரம்மா என்றுதான் பேர். வெளிநாட்டுக் குழுவிலிருந்து வந்தவர் ஒரு அகலமான தொப்பியைக் கழற்றாமல் சுற்றியதால் தொப்பியம்மா. தொப்பியம்மாவுக்கு நம் பேச்சில் தெரிந்தது ஒரே வார்த்தை, 'போதும்'. அதற்கு 'நன்றி' என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டிருந்தார். டீ கேட்கும்போதும் போதும், குடித்து முடித்தாலும் போதும். அக்கா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு ஊற்றுவாள்.

அவர்கள் கிணற்றுத் தண்ணீர் எடுத்தார்கள், மண் எடுத்தார்கள், கீரை, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பையில் போட்டார்கள். பாலைக் கேட்க மட்டும் கொஞ்சம் தயங்கினார்கள்போல. அக்காவே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் பாக்குறீங்க, என் பாலப் பாக்க மாட்டீங்களா? ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருக்குன்னு உங்க மெஷின் சொல்லட்டும், நான் தொழில விட்டுர்றேன்."

டீச்சரம்மா சிரித்துக்கொண்டே குப்பியில் வாங்கிக்கொண்டார். வாங்குவதற்கு முன்னால், வருகிற முடிவை இந்த வீட்டுக்கு மட்டும்தான் சொல்வோம், எழுதும்போது பேரோ வீடோ தெரியாதபடிதான் எழுதுவோம் என்று பொறுமையாக விளக்கினார். "பேரப் போட்டே எழுதுங்க, எனக்கென்ன வெக்கம்" என்றாள் அக்கா.

அப்போது அவள் வீட்டில் மருமகள் உண்டாகியிருந்தாள். மகன் வெளியூரில் வேலை. பெண் மாமியார் பாதுகாப்பில். அந்தப் பெண்ணுக்குப் பாலென்றாலே குமட்டும். அக்கா விடமாட்டாள். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், பக்கத்தில் நின்று குடிக்க வைத்துவிட்டுத்தான் நகருவாள்.

மழை முடிந்து வெயில் திரும்பியிருந்த ஒரு மத்தியானம் டீச்சரம்மாவும் தொப்பியம்மாவும் வந்தார்கள். நான் மருமகளுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பிரசவம்வரை போட்டுக்கொள்ள லூசாக இரண்டு சட்டை. அக்கா வழக்கம்போல டீயைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் தொடவில்லை.

"என்னம்மா, ஆறுது."

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டினேன்.

"அவ இருக்கட்டும். எங்கிட்டச் சொல்றத அவகிட்டயும் சொல்லலாம்" என்றாள் அக்கா.

"அக்கா, உங்க பால்ல தண்ணி இல்ல. நல்ல பால்தான். ஆனா அதுல ஈயம் இருக்கு."

"ஈயமா? பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதுவா?"

"அது வேற. இது பேட்டரிக்குள்ள இருக்கிற காரீயம். மேட்டுல இருந்து புல்லுக்கோ தண்ணிக்கோ இறங்கி, மாட்டு வழியாப் பாலுக்கு வருது. கண்ணுக்குத் தெரியாது, வாசன வராது. நாங்க இங்க ஒரு தடவ பாத்துட்டு, தப்பாயிருக்குமோன்னு இவங்க ஊருக்கும் அனுப்பிப் பாத்தோம். ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான் வந்துச்சு."

"சரி, நல்லாக் காய்ச்சினாப் போயிரும்ல?"

"காய்ச்சினாலும் போகாதுக்கா."

அக்கா டீ டம்ளர்களைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பிறகு, "பெரியவங்களுக்கு என்ன செய்யும்?" என்றாள்.

"நாள்பட நாள்படத்தான் தெரியும். பெரியவங்களவிடச் சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் கெடுதல் அதிகம். மூளை வளர்ற வயசு இல்லையா."

அக்காவின் கண் மருமகளின் வயிற்றில் போய் நின்றது. அந்தப் பெண்ணும் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். தொப்பியம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அன்றைக்குத்தான் அவருக்கு நரைத்த முடி என்று தெரிந்தது.

"ரத்தம் எடுத்துப் பாக்கலாம். ஆஸ்பத்திரியில நான் பேசிட்டேன், நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றார் டீச்சரம்மா. "பயப்படுற அளவுக்கு இருக்காதுன்னு நினைக்கிறேன். இப்பக் கண்டுபிடிச்சது நல்லதுன்னு எடுத்துக்கங்க."

அவர்கள் போன பிறகு அக்கா டீயை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். திரும்பி வந்து மருமகளின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"வேணாம் வேணாம்னு சொன்னியேடி."

"விடுங்கத்தே. குமட்டுச்சுன்னு வேணாம்னேன். விஷம்னு தெரிஞ்சா சொன்னேன்?"

"நீ சொன்ன, நான் கேக்கல. அதச் சொல்றேன்."

சாயங்காலம் லாரிக்காரர் வந்ததும், வீடு வீடாகப் போய்ச் சொல்லப்போகிறேன் என்று அக்கா சொல்ல, பேச்சு வெடித்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன், நிறுத்தாவிட்டாலும் கேட்டிருக்கும்.

"பேர் போட மாட்டோம்னு அவங்களே சொல்றாங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல. நீ எதுக்கு வீடு வீடாப் போயி உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிற?"

"விடிஞ்சா கேனத் தூக்கிட்டுப் போகணும்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊத்துறது?"

"ஊத்தச் சொன்னேனா? நிறுத்திரு. மாடு வத்திப்போச்சுன்னு சொல்லு."

"அத்தன மாடும் ஒரே ராத்திரியில வத்துமா?"

"நோவுன்னு சொல்லு. என்னமோ சொல்லு."

"சரி, சொல்றேன். நாளைக்கு அவங்க எங்க போவாங்க? அந்தப் பக்கத்துப் பட்டியில போயி வாங்குவாங்க. அந்த மாடும் அதே புல்லத்தான் திங்குது. நான் வாய மூடிக்கிட்டா, எங்கிட்டக் குடிச்ச பிள்ள அங்க போயிக் குடிக்கும். அவ்வளவுதான வித்தியாசம்?"

"ஊரக் காப்பாத்துறது உன் வேலையா?"

"இவ்வளவு நாளும் ஊத்துனது யாரு, நீங்களா?"

லாரிக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். என் வாசலைத் தாண்டும்போது, "உங்க அக்காவுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு. நாங்களும் சோறு திங்கணும்" என்றார். என் பிள்ளையும் அந்தப் பாலைத்தான் குடித்து வளர்ந்திருந்தாள். நான் என்ன புத்தி சொல்ல?

மறுநாள் காலையில் அக்கா எப்போதும்போலக் கறந்தாள். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கொல்லையில் ஒரு பழைய தொட்டி இருந்தது. நுரை அடங்குவதற்குள் பாலை அதில் கவிழ்த்தாள். கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. பிறகு கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெறுங்கையோடு, பால் ஊற்றுகிற அதே வரிசையில் வீடு வீடாகப் போனாள்.

முதலில் என் வீடு. எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றாலும் வாசலில் நின்று முழுவதும் சொன்னாள். "உனக்கு வேற, ஊருக்கு வேறன்னு சொல்லக்கூடாது" என்றாள். டீக்கடைக்காரர் நம்பவில்லை, "உங்க பாலுலயா? போங்கக்கா, மெஷின் பழுதாயிருக்கும்" என்றார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கடைசி வீட்டுக்காரிக்கு இரட்டைப் பிள்ளைகள். அவள் கேட்டு முடிக்கும்வரை பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"எம் பிள்ளைங்களுக்குத் தாய்ப்பால் மறக்கடிச்சதே உன் பாலக் குடுத்துத்தான்."

"ஆமா."

"ஆமாவா? ஆமான்னா என்ன அர்த்தம்? இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லு."

"ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்குறாங்க. எம் மருமகளோட நீங்களும் வாங்க. டீச்சரம்மா வேன் கொண்டு வர்றாங்க."

"உன்னோட ஒரே வண்டியில நான் வரமாட்டேன்."

"நான் நடந்து வர்றேன். நீங்க வண்டியில போங்க."

சொன்னபடியே நடந்துதான் போனாள். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. நான் என் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு அவளோடு நடந்தேன். வழியெல்லாம் அவள் மருமகளைப் பற்றித்தான் பேசினாள். அந்தப் பெண்ணின் பல் வரிசை, தலைமுடி, கோபம் வந்தால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் என்று ஒவ்வொன்றாக. கேட்டுக்கொண்டு வந்தேன். வேறு எதையும் பேச அவளுக்குத் தைரியம் இல்லை என்று தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தெரு அவளோடு பேசவில்லை. அவள் தினமும் கறந்து தினமும் தொட்டியில் கவிழ்த்தாள். அந்தத் தொட்டியை ஆராய்ச்சிக்காரர்களே ஒரு டிரம்மில் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். அக்காவின் கை வேலை செய்யும். முகத்தில் ஒன்றும் இருக்காது.

முடிவு வந்தபோது ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். மருமகளுக்கு அளவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் மருந்து ஏற்ற வேண்டிய அளவில்லை. வருகிற வழியை அடைத்துவிட்டால் தானாகக் குறையும். நன்றாகச் சாப்பிட வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் விடாமல் போட வேண்டும், அடுத்தடுத்து வந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே சேதிதான். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூட. அவனைக் கூர்ந்து கவனிக்கச் சொன்னார். கடைசி வீட்டுக்காரி அழுதாள். திரும்பும்போது வேனில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு, நகர்ந்து உட்கார்ந்தாள். அக்கா ஏறிக்கொண்டாள்.

இதற்கிடையில் ஆராய்ச்சிக்காரர்கள் மேட்டடியில் அடிக்கொரு குச்சி நட்டு, ஒவ்வொரு பக்கத்துப் புல்லையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஈயம் இல்லை. குற்றம் முழுவதும் குட்டையில். எந்தக் காலத்திலோ யாரோ அந்தப் பள்ளத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் புதைத்திருக்கிறார்கள். மழைக்கு மழை அது கரைந்து குட்டைக்கு வந்தது, குட்டையிலிருந்து புல்லுக்கு.

"அப்ப மாட்ட அங்க விடாம இருந்தாப் போதுமா?" என்று கேட்டாள் அக்கா.

"மொதல்ல அதுதான் வேணும். சுத்தமான தீனி, சுத்தமான தண்ணி. மாட்டு ரத்தத்துல இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். எலும்புல தங்கினது இறங்க நாளாகும். பாலும் தெளியும்னு நம்புறோம்" என்றார் டீச்சரம்மா.

தொப்பியம்மா ஏதோ நீளமாகச் சொன்னார். டீச்சரம்மா மொழிபெயர்த்தார். "எவ்வளவு நாள்ல தெளியும்னு இந்த மாதிரி எடத்துல யாரும் சரியா அளந்து பாத்ததில்லையாம். நீங்க சரின்னு சொன்னா சேர்ந்து பாக்கலாம்னு கேக்குறாங்க. முடியாதுன்னாலும் பரவாயில்லையாம்."

"தீனிக்கு எங்க போறது? காசு குடுத்து வாங்கிப் போட்டா நாங்க வாயில என்ன போடுறது?"

அதற்கு டீச்சரம்மாவிடம் ஒரு யோசனை இருந்தது. ஆனால் அதைச் சொல்லத் தயங்கினார். அவர்கள் திட்டத்தில் இன்னொரு பகுதி உண்டு: காய்கறி மார்க்கெட்டில் கழிகிற தழை, கோஸ் இலை, சோளத் தோகை எல்லாவற்றையும் மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாக எடுப்பது. மேட்டுக்குப் போகிற சுமையும் குறையும், மாட்டுக்கும் ஆகும். இதை லாரிக்காரரிடம் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறார். "இனிமே குப்பைக்குத் தனிப் பந்தி போடணுமாக்கும்" என்று அவர் கேலி பண்ணி அனுப்பியிருக்கிறார். மார்க்கெட் பக்கம் வண்டி ஓட்டுவதே அவர்தான்.

அக்கா இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியது மருமகள். சாப்பாடு போடும்போது, மாமனார் இரண்டாவது முறை குழம்பு கேட்டபோது, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாளாம்.

"மாமா, நாளைக்கு இவன் பொறந்து வந்து எங்க தாத்தா என்ன வேல பாத்தாருன்னு கேட்டா, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து கொட்டுனாருன்னு சொல்லவா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆனால் மறுநாள் அதிகாலையிலேயே லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. வெயில் ஏறுவதற்குள் அவர் வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. குப்பை லாரி தெருவுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தோம். பின்பக்கத்தைக் கழுவி, தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கோஸ் இலையும் தோகையும் ஈரம் சொட்டச் சொட்டக் கிடந்தன. வண்டியை விட்டு இறங்கி யாரையும் பார்க்காமல், "மார்க்கெட்டுல பிரிச்சுத் தரமாட்டேன்னானுங்க. நானே பொறுக்குனேன்" என்றார்.

"இத மெஷின்ல பாக்காம மாட்டுக்குப் போடமாட்டேன்" என்றாள் அக்கா.

"பாரு. யாரு வேணாம்னா?" அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பார்த்தார்கள். தீனி நன்றாக இருந்தது. மருந்து அடித்த வெளி இலையை மட்டும் உரித்துவிட்டுப் போடச் சொன்னார்கள். லாரிக்காரர் நகராட்சியில் பேசினார், சண்டை போட்டார், கடைசியில் மார்க்கெட் கடைகளுக்குத் தனிக் கூடை கொடுக்க வைத்தார். மாடுகளுக்கு முதலில் புதுத் தீனி பிடிக்கவில்லை. கட்டுத்தறியில் நின்று மேட்டைப் பார்த்துக் கத்தின. அக்கா நறுக்கிய தோகையைத் தவிட்டுத் தண்ணீரில் பிசறி ஒவ்வொரு மாட்டுக்கும் கையால் ஊட்டினாள். இது வேலை மேல் வேலை. பால் விற்பனை இல்லாத அந்த மாதங்களில் அவளுக்கு நான் பொத்தான் துளைக்குக் காஜா போடவும் ஓரம் மடித்து ஹெம்மிங் பண்ணவும் கற்றுக்கொடுத்தேன். கறவைக்குப் பழகிய விரல், ஊசி பிடிக்கத் திணறியது. "மடி மாதிரி இருந்தா இழுத்துருவேன், இது என்னடி நூலு" என்பாள்.

குப்பிகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. ஒரு தடவை அளவு குறைந்தது. அடுத்த தடவை குறையவே இல்லை. கிழட்டுப் பசு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய புல்லுக்குப் போய் வந்தது தெரிந்தது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து புதுக் கயிறு திரித்தாள். நகராட்சி குட்டையைச் சுற்றி வேலி போட எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு வீடே கட்டியிருக்கலாம். ஆனாலும் போட்டார்கள், பள்ளத்தைக் களிமண் கொண்டு மூடவும் தொடங்கினார்கள்.

மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை சரியாக இருந்தது. தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பார்த்து, அளவு கவலைப்படும்படி இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். கடைசி வீட்டுக்காரி இரட்டைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தாள். அளவு கூட இருந்தவன் குழந்தையின் காலைத் தொட்டுவிட்டுத் தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். "இவனுக்கும் கொறைஞ்சிருச்சு. நேத்துத்தான் சொன்னாங்க" என்று அவள் அக்காவிடம் சொன்னாள். அக்கா வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த மழை தொடங்கும்போது பால் தெளிந்தது. டீச்சரம்மா போனில் சொல்லாமல் நேரில் வந்தார். தொப்பியம்மா அவர் ஊரிலிருந்து வீடியோவில் வந்தார். அங்கே விடிந்திருக்கவில்லை, பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஆய்வுக்கூடத்திலும் பார்த்தாயிற்று, இனி விற்கலாம் என்றார்கள். தொப்பியம்மா அதற்குள் இன்னும் கொஞ்சம் நம் பேச்சுக் கற்றிருந்தார். "அக்கா, நல்ல பால்" என்றார். அக்கா போனுக்குப் பின்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "இருக்கட்டும், நீங்க வந்து குடிக்கும்போது சொல்லுங்க" என்றாள்.

விற்கலாம் என்றதும் தெரு முழுவதும் ஓடி வந்துவிடவில்லை. டீக்கடைக்காரர் வந்தார், நான் போனேன், இன்னும் சிலர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். லாரிக்காரருக்கு அது வருத்தம். "சொன்னதுக்குக் கெடைச்ச பலன் இது" என்று முணுமுணுத்தார்.

ஒருநாள் காலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். தெருவுக்குள் பழக்கமில்லாத ஆட்கள் வந்தார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பட்டிக்காரர்கள். முன்னால் இரண்டு பெண்கள், பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர். அக்கா அவர்கள் வாசலுக்கும் ஒருமுறை போய் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். "வியாபாரத்தக் கெடுக்க வந்தியா" என்று அன்றைக்கு நாயை அவிழ்த்துவிட்டவர்கள் இவர்கள்தான். இப்போது ஆளுக்கொரு பாட்டிலில் பால். மழை படாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

பெரியவர்தான் பேசினார். "தாயி, உம் பால் தெளிஞ்சிருச்சுன்னு மார்க்கெட்டுல சொல்லிக்கிட்டாங்க."

"ஆமாங்கய்யா."

"எங்க வீட்டுலயும் பேரப்பிள்ளைங்க இருக்கு." அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். "இதக் கொஞ்சம் பாக்கச் சொல்லுவியா? என்ன வந்தாலும் எங்ககிட்ட ஒளிக்காமச் சொல்லச் சொல்லு."

உள்ளே இருந்து லாரிக்காரரும் வந்து அவள் பின்னால் நின்றார். அக்கா பாட்டில்களை ஒவ்வொன்றாக வாங்கினாள். எது யாருடையது என்று கேட்டுக் கேட்டு வரிசையாக ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"முடிவு வர்றவரைக்கும் பிள்ளைங்களுக்கு இதக் குடுக்காதீங்க" என்றாள். "என் வீட்டுல கறந்தது இருக்கு, கொண்டு போங்க. அதுக்கு முன்னால உள்ள வந்து உக்காருங்க, நனையுறீங்க பாருங்க. தீனி எங்க கெடைக்கும், எப்படிப் பழக்கணும்னு எல்லாம் இவரு சொல்லுவாரு."

லாரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியவர் உட்காரப் பலகையை இழுத்துப் போட்டார்.